வாசலில் கழற்றிய செருப்பு

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வீரபாண்டியின் கடைத்தெருவுக்கு ஒரு தனிக்களை வந்துவிடுகிறது. கடைவாசல்களில் கறுப்பு ஷூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பனியன் கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய கையோடு, தாயும் தந்தையும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகின்றனர். "ஒரு அளவு பெரிதாகவே கொடுங்கள், அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும்" என்பது பெற்றோரின் கணக்கு. "இது காலில் நிற்காதே" என்பது பிள்ளையின் கவலை. இரண்டும் நியாயமானவையே.

பாடநூலைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். காலணியைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் ஒரு குழந்தை அகரம் எழுதக் கற்குமுன்பே வாசற்படியில் ஒரு பாடத்தைக் கற்றுவிடுகிறது. எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே அணிந்து செல்லலாம், யார் கழற்ற வேண்டும், யார் கழற்ற வேண்டியதில்லை என்பதே அப்பாடம். அதை நாம் நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பித்து வருகிறோம் என்பதை இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

ஜப்பானியப் பள்ளியின் வாசல்

நம் ஊரில் தைத்த ஆடைகள் கப்பலேறிச் செல்லும் நாடுகளுள் ஜப்பானும் ஒன்று. அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் வாசலில் நிகழ்வதை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

காலையில் பிள்ளைகள் அக்கம்பக்கத்தாரோடு கூட்டமாக நடந்தே பள்ளிக்கு வருகின்றனர். பள்ளிக் கட்டடத்தின் நுழைவாயிலில் தரைமட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். வெளிக்காலணிகளுக்கு அத்தாழ்ந்த தரையே எல்லை. அங்கே நீண்ட அடுக்குப் பெட்டி ஒன்று நிற்கிறது. அதற்குக் 'கெத்தாபாகோ' என்று பெயர். முற்காலத்தில் அந்நாட்டார் அணிந்த 'கெத்தா' எனும் மரப்பாதுகைகளை வைத்த பெட்டி என்பதே அதன் பொருள். மரப்பாதுகை போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் அறை உண்டு. தெருவில் அணிந்து வந்த காலணியைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, 'உவாபாகி' எனப்படும் உட்காலணியை எடுத்து அணிந்துகொண்டே பிள்ளை வகுப்புக்குச் செல்கிறது. வெள்ளைத் துணியும் ரப்பர் அடியும் கொண்ட எளிய காலணி அது. பல பள்ளிகளில் அதன் ஓரநிறத்தைக் கொண்டு பிள்ளை எந்த வகுப்பு என்று கண்டுகொள்ளலாம். காலணியின் மேல் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

வார இறுதியில் பிள்ளைகள் அக்காலணியைச் சிறு பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். துவைத்து உலர்த்தித் திங்கட்கிழமை மீண்டும் எடுத்து வரவேண்டும். பல வீடுகளில் துவைப்பது அப்பிள்ளையின் பொறுப்பாகவே விடப்படுகிறது. அந்நாட்டுப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழியையும் மாணவரே நாள்தோறும் துப்புரவு செய்வதும் வழக்கம். தான் துடைக்கும் தரையை அழுக்குக் காலோடு மிதிக்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? கழிவறைக்கெனத் தனிச் செருப்பு வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அதைப் பயன்படுத்தியவர், அடுத்து வருபவர் எளிதாகக் காலை நுழைக்கும்படி திருப்பி வைத்துவிட்டு வரவேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. செருப்பைத் திருப்பி வைப்பது சிறு செயலே. ஆனால் நமக்குப் பின்னால் ஒருவர் வருவார் என்னும் எண்ணம் சிறிதன்று.

இவ்வழக்கத்தில் நம் கருத்தைக் கவர்வது தூய்மை மட்டுமன்று. அங்கே ஆசிரியரும் காலணியை மாற்றிக்கொள்கிறார், தலைமையாசிரியரும் மாற்றிக்கொள்கிறார். பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரும் வாசலிலே கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த மெல்லிய செருப்பையோ பள்ளி தரும் செருப்பையோ அணிந்தே உள்ளே செல்கின்றனர். விதி ஒன்று, அது எல்லாருக்கும் ஒன்று. செல்வர் வீட்டுப் பிள்ளை விலையுயர்ந்த காலணியில் வந்தாலும் அது வாசற்பெட்டியோடு நின்றுவிடும். வகுப்பறைக்குள் எல்லாக் கால்களும் ஒரே வெள்ளைக் காலணியில்தான் நடக்கின்றன.

நம் வாசல்கள்

இது நமக்குப் புதியதன்று. செருப்போடு வீட்டுக்குள் வருபவரை நம் பாட்டிமார் பொறுத்துக்கொண்டதே இல்லை. குடிசையாயினும் மாடிவீடாயினும் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணியே உள்ளே எத்தனை விருந்தினர் என்று சொல்லிவிடலாம். நம் பகுதித் தையற்கூடங்களின் வாசல்களிலும் செருப்புகள் வரிசையாய்க் கிடப்பதைக் காண்கிறோம். உள்ளே வெள்ளைத் துணி மலைபோல் குவிந்திருக்க, தெருப்புழுதி அதன்மேல் படியலாகாது என்பது காரணம். அங்கும் அந்த விதிக்கு ஒரு பயன் உண்டு.

ஆலயத்திலும் அவ்வாறே. இந்தியத் திரு அவையின் வழிபாட்டில் நம் நாட்டு முறைகள் சிலவற்றை மேற்கொள்ள 1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் உரோமையின் இசைவு கிடைத்தது. பன்னிரண்டு குறிப்புகள் கொண்ட அவ்விசைவில், தரையில் அமர்தலும் காலணிகளைக் கழற்றிவிட்டு வழிபடுதலும் இடம்பெற்றிருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் பூட்ஸ் ஒலிக்க ஆலயத்துக்குள் நடப்பதே நாகரிகம் என்று எண்ணியோரும் இருந்தனர். எரியும் முட்செடியின் முன் மோயீசன் காலணியைக் கழற்றியதை அறிந்த நமக்கு, நம் மண்ணின் வழக்கம் அயலானதாய்த் தோன்றக் காரணமே இல்லை. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடக்கும் நம் மக்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்களாக விரும்பியே நடக்கின்றனர்.

'அவர்களாக விரும்பியே' என்னும் இச்சொல்லை மனத்தில் இருத்துவோம். ஏனெனில் நம் நாட்டில் வேறொரு செருப்பு விதியும் இருந்து வந்திருக்கிறது.

கையில் ஏந்திய செருப்பு

நம் திருப்பூர் மாவட்டத்திலேயே, மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் தெரு ஒன்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. அத்தெருவின் அடியில் மந்திரித்த பொம்மை ஒன்று புதைக்கப்பட்டுள்ளது, செருப்போடு நடக்கும் தாழ்த்தப்பட்டோர் மூன்று மாதத்துக்குள் மாண்டுபோவர் என்று கட்டிவிட்ட கதையை நம்பியும் சிலர் அஞ்சியிருந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், அறுபது பேரளவில் ஒன்றுகூடி அத்தெருவில் செருப்பணிந்து நடந்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நாம் குடில் கட்டிக்கொண்டிருந்த அதே நாளில், நம் மாவட்டத்தின் மற்றொரு பகுதியில் மனிதர் சிலர் தம் சொந்த ஊரின் தெருவில் முதன்முறையாகச் செருப்போடு நடந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய தெருக்கள் ராஜாவூரில் மட்டும் இருந்தவை அல்ல. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்துள்ளன. ஒரு தெருவின் தொடக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, தெரு முடிந்ததும் அணிந்துகொண்டு பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றனர். பள்ளியில் சமத்துவம் பற்றிய பாடம் நடந்திருக்கலாம். ஆனால் வழியில் கற்ற பாடம் வேறு. எந்தப் பாடம் ஆழப் பதிந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதனைத் திருத்தியபோது, பொது இடத்தில் ஒருவர் காலணி அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ, மிதிவண்டி ஓட்டுவதையோ சாதியைக் காட்டித் தடுப்பது குற்றம் என்றே வெளிப்படையாக எழுதிச் சேர்த்தனர். செருப்பு அணியும் உரிமையைச் சட்டப்புத்தகத்தில் எழுதிக் காக்க வேண்டிய நிலை ஒரு நாட்டுக்கு வந்ததென்றால், அந்த வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

ஜப்பானியச் சிறுவனும் வாசலில் கழற்றுகிறான். நம் சிறுவனும் தெருமுனையில் கழற்றினான். வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் அங்கே எல்லாரும் கழற்றுகின்றனர். இங்கே சிலர் மட்டும் கழற்றினர். அங்கே தரைக்காகக் கழற்றுகின்றனர். இங்கே மற்றொரு மனிதனின் செருக்குக்காகக் கழற்ற நேர்ந்தது. இறைவன் முன் காலணியைக் கழற்றுவது பணிவு. மனிதன் முன் மனிதன் கழற்றவேண்டும் என்பது அடிமைத்தனம். ஒரு செருப்பு விதி நல்லதா தீயதா என்று அறிய இரு கேள்விகள் போதும்: அது எல்லாருக்கும் பொதுவானதா? அதனால் பிள்ளைக்கு நன்மை உண்டா?

கறுப்பு ஷூவும் கண்ணீரும்

இவ்விரு கேள்விகளையும் நம் பள்ளிகளின் பக்கம் திருப்புவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் காலை வழிபாட்டின்போது சில பிள்ளைகள் மட்டும் தனியே நிறுத்தப்பட்டிருந்ததை நேரில் கண்டோம். குற்றம் என்னவெனில், கறுப்பு ஷூவுக்குப் பதில் செருப்பணிந்து வந்தமை. அவர்களுள் ஒரு சிறுமியின் தாயைப் பின்னர் சந்தித்தோம். "சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கிக் கொடுத்தர்றேன்னு டீச்சர்கிட்டச் சொன்னேனுங்க சாமி. அந்த வாரம் கம்பெனியில வேலையே இல்லீங்க" என்றார் அவர். ஒன்றரை ஷிப்ட் உழைத்தால்தான் வாடகையும் அரிசியும் போக ஏதேனும் மிஞ்சும் குடும்பம் அது. ஏற்றுமதி ஆணை குறைந்தால் முதலில் அடிபடுவது இத்தகையோரின் அடுப்பு. தாயின் கம்பெனியில் வேலை இல்லாமைக்கு மகள் வெயிலில் நின்றாள். சீருடை என்பதே ஏழை, செல்வர் வேற்றுமை தெரியாதிருக்க வந்தது. அந்தச் சீருடையின் பேராலேயே ஏழையைத் தனியே நிறுத்திக் காட்டுவது முறையாகுமா?

இவ்வகையில் தமிழ்நாட்டு அரசுகள் செய்த நன்மையைப் பாராட்டவேண்டும். எம்.ஜி.ஆர். காலத்திலேயே சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குக் காலணி வழங்கப்பட்டதுண்டு. 2012-13 கல்வியாண்டு முதல், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்கு விலையில்லாக் காலணி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிற்பாடு ஷூவும் காலுறையும் வழங்கும் நிலையும் வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி நம் பகுதிக்கு வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகளும் இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்தால் அதே காலணியைப் பெறுவர். கால் எந்த மொழி பேசும் கால் என்று செருப்பு கேட்பதில்லை.

அடுத்து, பிள்ளைக்கு நன்மை உண்டா என்னும் கேள்வி. மூடிய தோல் ஷூதான் ஒழுங்குக்கு அடையாளம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். மருத்துவர் சொல்வது வேறு. ராவ், ஜோசப் என்னும் மருத்துவர் இருவர், 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 இந்தியப் பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992-இல் தம் முடிவை வெளியிட்டனர். பாதத்தின் உட்புற வளைவு எழும்பாமல் தட்டையாகவே நின்றுவிடும் குறை, காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேரிடமும், வெறுங்காலோடு வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.8 பேரிடமும் காணப்பட்டது. முன்புறம் மூடிய ஷூ அணிந்தோரிடம் அக்குறை மிகுதி. செருப்பு அணிந்தோரிடம் குறைவு. சித்திரை வைகாசி வெயிலில் காலுறையும் ஷூவும் வியர்வையில் ஊறிப் படையும் புண்ணும் உண்டாவதைத் தாய்மார் அறிவர். காற்றோட்டமான வார்ச்செருப்பு நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது என்பதைப் பள்ளி நிருவாகிகள் எண்ணிப் பார்க்கலாம். செருப்புக்காகக் காலை வெட்டுவார் உண்டோ?

அப்படியானால் வெறுங்காலே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஈரமண்ணில், குறிப்பாக மக்கள் திறந்தவெளியில் மலங்கழிக்கும் இடங்களில், கொக்கிப்புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள் வாழ்கின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்குகின்றன. அங்கே குடற்சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. பிள்ளை வெளிறிச் சோர்ந்துபோகிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. ஆசிரியர் அதைச் சோம்பல் என்கிறார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்நோயை ஒழிக்க 1909-இல் ராக்பெல்லர் என்னும் செல்வர் பத்து லட்சம் டாலர் வழங்கினார். பின்னர் 1920-களில் அவர் நிறுவிய அறக்கட்டளையின் துணையோடு நம் சென்னை மாகாணத்திலும் இப்புழுவை எதிர்த்துப் பணி நடந்தது. இப்போது தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு மாத்திரை தருகின்றனர். மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும். புழு மீண்டும் ஏறாதிருக்கக் கழிவறையும் காலணியும் வேண்டும். ஆகவே வகுப்பறையில் வெறுங்காலோடு இருக்கலாம். கழிவறைக்கும் வெளியிடத்துக்கும் செருப்பின்றிச் செல்லலாகாது.

தாமே தைத்த செருப்பு

செருப்பைப் பற்றிப் பேசும்போது செருப்புத் தைப்பவரை மறத்தல் நன்றியன்று. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்த மக்களையே நம் கொங்குநாட்டில் தாழ்த்தி வைத்தோம். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவனையே செருப்பணியாதே என்றோம். இதைவிடக் கொடிய முரண்பாடு உண்டோ?

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் நடத்தினார். பிள்ளைகளுள் தமிழர் பலர். அவர்களுக்குத் தமக்குத் தெரிந்த தமிழைக் காந்தியடிகளே கற்பித்தார். அப்பள்ளியில் கைத்தொழிலும் பாடமாயிற்று. செருப்புத் தைக்கக் கற்றுவருவதற்காக அவருடைய நண்பர் காலன்பாக், நேட்டாலில் மரியான்ஹில் என்னுமிடத்திலிருந்த கத்தோலிக்கத் துறவு மடத்துக்குச் சென்றார். டிராப்பிஸ்ட் மரபில் வந்த அத்துறவியர் செபத்தோடு உழைப்பையும் தம் வாழ்வாகக் கொண்டவர்கள். காலன்பாக் அவர்களிடம் கற்றார். காந்தியடிகள் அவரிடம் கற்றார். பண்ணையில் இருந்த இளைஞர் காந்தியடிகளிடம் கற்றனர். கட்டடக் கலைஞரும் வழக்கறிஞரும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே தரையில் அமர்ந்து தோல் வெட்டித் தைத்தனர். அங்கே செருப்புத் தைத்தல் ஒரு சாதியின் சுமையாக இல்லை, பள்ளிப்பாடமாக இருந்தது.

காந்தியடிகள் தாமே செய்த ஒரு சோடிச் செருப்பைத் தம்மைச் சிறையிலிட்ட தளபதி ஸ்மட்சுக்கே 1914-இல் பரிசாகத் தந்தார். அதைப் பல கோடைகள் அணிந்த ஸ்மட்ஸ், 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, அம்மனிதரின் காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்னும் கருத்தை வெளியிட்டு அதனைத் திருப்பியனுப்பினார். செருப்பு ஒருவரை இழிவுபடுத்தவும் கூடும்; பகைவர் இருவரை இணைக்கவும் கூடும். அது நம் மனத்தைப் பொறுத்தது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்க்குச் சில சொல்ல விரும்புகிறோம். பிள்ளையின் கால் வளர்ந்துகொண்டே இருப்பது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெருவிரலின் முன் இடமிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஓராண்டுக்கு முன்கூட்டியே பெரிதாக வாங்குவதும், விரல் மடங்கியபின்னும் விடாமல் அணிவிப்பதும் ஒன்றுபோலவே தீங்கு. வாசலில் ஒரு சிறு பலகை அடுக்கு வையுங்கள். செருப்பை அதில் ஒழுங்காக வைப்பதையும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் கழுவி உலர்த்துவதையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். தந்தை கழற்றி எறிந்த செருப்பைப் பெண்பிள்ளை எடுத்து வைக்கும் வழக்கம் வேண்டாம். வீட்டு விதியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பள்ளி நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். வாசலில் கழற்றுவது விதியானால் ஆசிரியரும் கழற்றட்டும். கழிவறைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கெனச் சில சோடிப் பொதுச்செருப்புகளை வையுங்கள். ஷூ இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வரிசையிலிருந்து விலக்காதீர்கள். பெற்றோரை அழைத்துக் காரணம் கேளுங்கள். காரணம் வறுமையானால் பிறர் அறியாமல் உதவுங்கள். நம் பங்குகளிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞரும் ஜூன் மாதத்தில் இதனை ஒரு பணியாக மேற்கொள்ளலாம். சிறுத்துப்போன, ஆனால் கிழியாத செருப்புகளைத் திரட்டித் தைத்துக் கழுவிக் கொடுத்தாலே பல கால்களுக்கு ஆகும்.

ஊதாரி மைந்தன் வீடு திரும்பியபோது தந்தை ஊழியரிடம் கேட்டவற்றுள் காலணியும் ஒன்று என்பதை நாம் நினைவுகூர வேண்டும். அக்காலத்தில் அடிமைகள் வெறுங்காலினர்; வீட்டுப் பிள்ளைகளே காலணி அணிந்தனர். ஊழியனாகவாவது வைத்துக்கொள்ளும்படி கேட்கலாம் என்று எண்ணி வந்தவனின் காலில் காலணியை அணிவித்து, நீ மகன் என்று சொல்லாமற் சொன்னார் அத்தந்தை. அவனுடைய காலின் புழுதியை அவர் பொருட்படுத்தவில்லை.

நம் தெருவிலும் நம் பள்ளியிலும் வெறுங்காலோடு நிற்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். விருப்பத்தால் நிற்கிறதா, வறுமையால் நிற்கிறதா, அச்சத்தால் நிற்கிறதா என்று கேட்டறியுங்கள். விருப்பத்தால் எனில் விட்டுவிடுங்கள். வறுமையால் எனில் இந்த வாரமே ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். அச்சத்தால் எனில், அப்பிள்ளை செருப்பணிந்து செல்லும் நாளில் அதனோடு கூடவே அத்தெருவில் நடந்து செல்லுங்கள்.